பேரம் பேசாமல் எழுதிக்கொண்டு போனவர்

நாற்பது வருஷ வியாபாரத்தில் பூட்டுக்காரர் சொன்ன முதல் விலையை யாரும் கொடுத்ததில்லை. யாராவது கொடுத்திருந்தால் அந்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்ல நோட்டுத்தானா என்று பார்த்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோளில் பையும் கையில் அட்டையுமாக ஓர் ஒல்லி எழுத்தர் வந்து நின்று, "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"பத்து" என்றார் பூட்டுக்காரர்.

வீட்டில் இருந்தது ஐந்து பேர். அவர், மனைவி, மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி. ஆனால் ஐந்து என்பது அடக்க விலை. அடக்க விலையை வாயால் சொல்கிறவன் கடையை மூடிவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். எழுத்தர் "பத்தா!" என்று வாயைப் பிளக்க வேண்டும். "பார்த்தா அப்படித் தெரியலையே, ஒரு நாலு போட்டுக்கட்டுமா?" என்று இழுக்க வேண்டும். இவர் சலித்துக்கொண்டே எட்டுக்கு இறங்க வேண்டும். கடைசியில் ஐந்திலோ ஆறிலோ வந்து இரண்டு பேரும் தோற்றுப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிரிய வேண்டும். முறை என்றால் அது.

எழுத்தர் பத்து என்று எழுதினார்.

"எல்லாரும் கப்பலார்தானே?"

"பின்னே? வேற யாரு?"

"சரிங்க. நன்றிங்க." பேனாவை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

உள்ளே பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்கி மாமனாரை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுத்தரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் பேசாமல் போகிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நமக்குத் தெரியாத ஏதோ அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் முட்டாளாகத் தெரியவில்லை.

அந்தச் சின்ன ஊரில் மூன்று இனத்தார் இருந்தார்கள். கப்பலாரின் முன்னோர் என்றோ ஒரு கப்பலிலிருந்து இறங்கியவர்கள். எந்தக் கப்பல் என்று கேட்டால் குடும்பத்துக்கு ஒரு கப்பல் சொல்வார்கள். மேட்டார் மேட்டு நிலத்திலிருந்து சுமை தூக்க இறங்கி வந்தவர்கள். உப்பளத்தார் எல்லாருக்கும் முன்னாலேயே அங்கே இருந்தவர்கள் என்பது உப்பளத்தார் சொல்லும் கதை. முகத்தைப் பார்த்தே இனம் சொல்லிவிடுகிறேன் என்று பந்தயம் கட்டியவர்கள் அத்தனை பேரும் தோற்றிருக்கிறார்கள். மூக்கும் நிறமும் எப்போதோ கலந்து போய்விட்டன. கலக்காமல் இருந்தது பேரம் மட்டும்தான். கப்பலார் இரண்டு மடங்கு சொல்லி இறங்குவார்கள். மேட்டார் ஒன்றுமே சொல்லாமல் நிற்பார்கள். எதிராளி பொறுக்கமாட்டாமல் தானே ஏற்றிக்கொண்டு போவான். உப்பளத்தார் ஒரே விலை சொல்வார்கள். வேண்டாமென்றால் அடுத்த கடைக்கு வழிகாட்டுவார்கள்.

கூரை போட்ட சந்தைக் கட்டடத்தில் மூன்று வரிசை உண்டு, இனத்துக்கு ஒன்று. பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஊர் அலுவலகம் தலை எண்ணும். ஐம்பது தலைக்குக் குறைந்த இனம் 'இதரர்' என்ற பத்திக்குப் போய்விடும். இதரருக்கு வரிசை கிடையாது. சந்தைக்குப் பின்னால் திறந்த மைதானம்தான். பூட்டு இரும்பு. ஒரு மழைக்காலம் மைதானத்தில் கிடந்தால் பழைய இரும்பாகத்தான் எடைக்குப் போகும். போன தடவை எண்ணியபோது கப்பலார் எழுபது பேருக்குமேல் இருந்தார்கள். அதற்குப் பிறகு சிலர் செத்துப் போனார்கள், பலர் பெரிய ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். இப்போது எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவனும் சொல்லமாட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். கப்பலார் தொண்ணூற்று ஆறு. மற்ற இரண்டு இனத்தாரும் சும்மா இருக்கவில்லை. மூன்றையும் கூட்டினால், ஊரில் இருக்கிற பாய் அத்தனையும் விரித்தாலும் படுக்க இடம் போதாது. அதனால் வரும் வியாழக்கிழமை மேலதிகாரி அம்மா நேரில் வருகிறார். அவரவர் வரிசையில் நிற்கிற தலைதான் கணக்கு. ஒன்பது மணிக்கு உப்பளத்தார், பத்துக்குக் கப்பலார், பதினொன்றுக்கு மேட்டார்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பூட்டுக்காரர். அவர் எப்போதும் அப்பவே நினைத்தவர்.

குடைக்காரர் கடையில் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டம் போட்டார்கள். பூட்டுக்காரர், குடைக்காரர், தராசு விற்கும் தராசுத்தம்பி, கண்ணாடி விற்கும் கண்ணாடியக்கா. வரிசைக்குப் பெரிய மனுஷர்கள் இந்த நாலு பேர்தான்.

"நிஜமா எத்தனை பேர் இருக்கோம்?" என்றான் தராசுத்தம்பி.

"சரி, முதல்ல நீ உன் வீட்டைச் சொல்லு" என்றாள் கண்ணாடியக்கா.

"நான் ஏன்க்கா முதல்ல? வயசுல பெரியவங்க சொல்லட்டும்."

"பாத்தியா, எடை போடுறவன் புத்தியை. மத்தவன் தட்டுல விழுந்த பிறகுதான் தன் கல்லை வைப்பான்."

கடைசியில் வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்காரரும் ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதிப் போடுவது என்று முடிவாயிற்று. குடைக்காரர் ஒரு பெரிய குடையைத் தலைகீழாக விரித்து வைத்தார். பதினான்கு சீட்டும் விழுந்தன. கூட்டினால் அறுபத்து மூன்று.

"அப்ப பயமே இல்ல!" என்று குடைக்காரர் குடையை மடக்கினார்.

பூட்டுக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ரகசியச் சீட்டிலும் இவர்கள் கொஞ்சம் ஏற்றித்தான் போட்டிருப்பார்கள். அவரே தன் சீட்டில் நான்கு என்று எழுதியிருந்தார். அவர் கணக்குக்கு வேறு வழி இருந்தது. வரிசையில் எல்லா வீட்டுப் பூட்டும் அவர் விற்றது. மாற்றுச்சாவி வெட்டியதும் அவர்தான். எந்த வீட்டில் எத்தனை சாவி புழங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. பெரியவர்களைச் சாவியால் எண்ணினார். குழந்தைகளுக்குச் சாவி கிடையாது என்பதால், புதன்கிழமை காலை தெருவில் காற்று வாங்குகிற மாதிரி நடந்து கொடியில் காயும் சின்ன உடுப்புகளைப் பார்த்து எண்ணினார். தன் வீட்டுக்கு மூன்று சாவி: அவருக்கு, மனைவிக்கு, மகனுக்கு. எல்லாம் கூட்டினால் நாற்பத்தெட்டு.

இரண்டு தலை குறைகிறது.

தராசுத்தம்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கா அண்ணே இவ்வளவு யோசனை? உங்க மருமகளும் பேத்தியும் ரெண்டு பேர். கூட்டிட்டு வந்து நிறுத்துங்க. ஐம்பது."

"அவ உப்பளத்துப் பொண்ணு."

"அதனால என்ன? வாக்கப்பட்டு ஏழு வருஷம் ஆச்சு. அவங்கவங்க எந்த இனம்னு சொல்றாங்களோ அதைத்தானே எழுதுறாங்க."

"நம்ம வழக்கத்துல வெளியிலேர்ந்து வந்தவங்களைச் சேர்க்கிறதில்ல. பிள்ளையும் தாய் வழிதான்."

பக்கத்துக் கடையிலிருந்து கண்ணாடியக்காவின் குரல் வந்தது. தடுப்புப் பலகைக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் கேட்டிருக்கிறாள். "வழக்கத்தை விடுங்கண்ணே. உங்கம்மா எந்தக் கப்பல்ல வந்தாங்க?"

பூட்டுக்காரருடைய அம்மா கப்பலில் வரவில்லை. தலையில் மூட்டையோடு மேட்டு நிலத்திலிருந்து நடந்து வந்தவள். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் ஊரில் யாரும் பேசாத விஷயம்.

"உங்களுக்குப் புரியல" என்று குரலைத் தாழ்த்தினார். "அவ அண்ணன் யாரு? கயிற்றுக்காரன். அவங்க வரிசையில கயிறு வைக்க இடம் இல்லாம வெளியில தொங்குது. நம்ம வரிசை போச்சுன்னா யாருக்கு லாபம்? ரெண்டு தலை குறையுதுன்னு இவ காதுல விழுந்தா, சாயங்காலம் அவன் காதுல விழும். அப்புறம் ஊரே கைதட்டும்."

"அப்ப என்ன பண்றது?"

"ரெண்டு தலைதானே? வாங்கிக்கலாம்."

புதன்கிழமை மத்தியானம் அவர் சுமைக்காரர்களின் மேஸ்திரியைப் பார்க்கப் போனார். மேஸ்திரி மேட்டார். மூட்டைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு ஆள் வேணும். ஒரு கால் மணி நேரம் எங்க வரிசையில நின்னாப் போதும். கப்பலார்னு ஒரு வார்த்தை. பதினோரு மணிக்கு உங்க வரிசைக்குப் போயிடலாம். ஆளுக்கு ஒரு பூட்டு."

மேஸ்திரி தேநீரை ஊதினார்.

"சரி, ரெண்டு பூட்டு."

மேஸ்திரி சந்தைக் கூரையைப் பார்த்தார்.

"பித்தளைப் பூட்டு. போதுமா? அதுக்கு மேல கேட்டா நியாயமே இல்ல."

மேஸ்திரி அதுவரை எதையுமே கேட்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினார்.

"என் சட்டை ரெண்டு தர்றேன். இந்த உடுப்போட நிக்க முடியாதில்ல? அதை அவங்களே வச்சிக்கட்டும்."

மேஸ்திரி தலையை அசைத்தார். திரும்பி நடக்கும்போதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது: பேரத்தில் பேசியது தான் ஒருத்தர் மட்டும்தான்.

வழியில் கயிற்றுக்காரன் கடை. கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் அவருடைய மருமகள் நின்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி ஒரு சுருளுக்குள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் எதிரிலிருந்த வாளிக் கடையில் நுழைந்து ஒரு வாளியைத் தூக்கி ஓட்டை பார்க்கிற பாவனையில் அவர்களைப் பார்த்தார். அண்ணன்காரன் ஏதோ கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவன் விரலை நீட்டி எதையோ எண்ணினான். ஒன்று, இரண்டு. இரண்டோடு நிறுத்திக்கொண்டான்.

எதற்கு இரண்டோடு நிறுத்தினான்?

"ஓட்டை இல்லீங்க, புது வாளி" என்றார் வாளிக்காரர்.

"அதை நான் சொல்லணும்" என்று வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மருமகள் வந்து கதவைத் தட்டினாள். மாமியார்தான் போய்த் திறந்துவிட்டாள். உள்ளே வந்ததும் பூட்டுக்காரர் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"எங்கம்மா போயிட்டு வர்றே?"

"அண்ணன் கடைக்கு."

"என்ன விஷயம்?"

"பாப்பாவுக்கு ஊஞ்சல் கயிறு."

"கயிறு எங்கே?"

"நாளைக்குத் தர்றேன்னுச்சு." அவள் பையைக் கீழே வைத்தாள். "நாளைக்கு எண்ண வர்றாங்களாமே மாமா."

'வந்துவிட்டாள் விஷயத்துக்கு' என்று நினைத்தார். "வரட்டும். எண்ணட்டும்."

"நாங்க எந்த வரிசையில நிக்கணும்?"

"எதுக்குக் கேக்கறே?"

"நிக்கணுமில்ல? அதான் கேக்கறேன்."

"யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. அன்னிக்கு அந்த ஆள்கிட்ட வீட்ல பத்துப் பேர்னு சொன்னீங்க. எல்லாரும் கப்பலார்னும் சொன்னீங்க. அந்தப் பத்துல நானும் பாப்பாவும் இருந்தமா?"

பூட்டுக்காரர் பல்லிடுக்கில் ஒன்றும் இல்லாமலே குச்சியால் குத்திக்கொண்டார். ஆமாம் என்றால் நாளைக்கு ஒரு விலை கேட்பாள். இல்லை என்றால் இப்போதே அண்ணனிடம் ஓடுவாள். ஏழு வருஷமாக இவள் எதையும் கேட்டதில்லை. கேட்காதவர்களைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

"அது வாய் விலை" என்றார். "அதை எல்லாம் மனசுல வச்சிக்காதே. நாளைக்கு வெயில் கடுமையா இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்க வேண்டாம். வீட்லயே இரு."

அவள் கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டாள். "இருன்னா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"அவகிட்ட ஏங்க இப்படிப் பேசுறீங்க?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. உனக்கு வியாபாரம் தெரியாது."

"வீட்ல எதுக்குங்க வியாபாரம்?"

வியாழக்கிழமை எட்டு மணிக்கே மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கப்பலார் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கண்ணாடியக்கா ஒவ்வொரு வீட்டாரையும் தலைகளை எண்ணி எண்ணி உள்ளே விட்டாள். நாற்பத்தெட்டுக்கு மேல் ஒரு தலையும் வரவில்லை என்று வந்து காதில் சொன்னாள். குடையில் விழுந்த அறுபத்து மூன்று எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். பூட்டுக்காரரின் சட்டை ஒருவனுக்குத் தோளில் பிடித்தது, இன்னொருவனுக்கு முழங்காலைத் தொட்டது. "எந்தக் கப்பல்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்றான் குட்டையானவன். "பெரிய கப்பல்னு சொல்லு" என்றார் பூட்டுக்காரர்.

மேலதிகாரி அம்மா சரியாகப் பத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், கனமான கைப்பை. கூடவே அந்த ஒல்லி எழுத்தர். பூட்டுக்காரர் எழுத்தரின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். நீல மை.

"எண்ணின ஆளுக்கு இடது சுண்டுவிரல்ல ஒரு பொட்டு. ஒருத்தர் ரெண்டு வரிசையில நிக்கக் கூடாது பாருங்க" என்றார். "உங்க ஊரைப் பத்திக் கேள்விப்பட்டேன்."

மேஸ்திரி மைப்புட்டியைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு ஆட்களின் சுண்டுவிரல்களைப் பார்த்தார். மேட்டாருக்கும் அன்றைக்கு ஒரு தலைகூட மிச்சமில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. திரும்பி நடந்தார். ஆட்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள், சட்டைகளோடு.

"மேஸ்திரி! மூணு பூட்டு!" என்று பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். "நாலு!"

மேட்டார் வரிசைப் பக்கம் அவர்கள் திரும்பி மறைந்தார்கள்.

அம்மா எண்ணி முடித்தார். மையும் வைத்து முடித்தார். "நாற்பத்தெட்டு. இன்னும் யாராவது வரணுமா?"

"வரணும்" என்று தராசுத்தம்பி முந்திக்கொண்டான். "பூட்டண்ணன் மருமகளும் பேத்தியும் வரணும். அண்ணே, போங்கண்ணே! நில்லுங்கம்மா, வீடு பக்கத்துலதான்."

வரிசை முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கிப் பழக்கமில்லை. செருப்பை மாட்டாமலே கிளம்பினார். சந்தை வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். உப்பளத்தார் வரிசைப் பக்கமிருந்து மருமகள் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பேத்தியின் தோளில் ஊஞ்சல் கயிறு தொங்கியது.

"வாம்மா, வா! நல்ல சமயத்துக்கு வந்தே" என்றார். அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவருக்கே புதிதாக இருந்தது. "நம்ம வரிசையில வந்து நில்லு. நீயும் பாப்பாவும். கப்பலார்னு சொல்லு. ஐம்பது ஆயிடும். உனக்கு என்ன வேணுமோ சொல்லு, மறுக்காம செய்யறேன்."

"ஒண்ணும் வேண்டாம் மாமா" என்றாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரலில் நீலப் பொட்டு.

"எட்டரை மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துச்சு. எங்கேயும் நிக்கலேன்னா கணக்குலயே வரமாட்டே, வான்னு கூப்பிட்டுச்சு. நான் நேத்து உங்ககிட்ட கேட்டேன் மாமா. நீங்க கூப்பிடல."

"தாத்தா, எனக்கும்!" என்று பேத்தி தன் விரலை நீட்டியது.

பூட்டுக்காரர் குனிந்தார். பேத்தியின் சுண்டுவிரலைப் பிடித்துச் சட்டை நுனியில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். பூட்டுக்குத் துரு எடுக்கிற தேய்ப்பு. போகவில்லை. இடுப்பிலிருந்த எண்ணெய்த் துணியை எடுத்துத் தேய்த்தார். பிள்ளை அழ ஆரம்பித்தது.

"அது பத்து நாளைக்குப் போகாதுங்க" என்றார் எழுத்தர். எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"பத்து நாளா? அஞ்சு நாள்ல போகாதா?"

"விடுங்க மாமா, பிள்ளைக்கு வலிக்குது" என்று மருமகள் அந்த விரலை அவர் கையிலிருந்து பிரித்தெடுத்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை அவர் தேடித் தேடிப் பார்த்தார். அண்ணனுக்கு ஒரு வரிசை கிடைத்த சந்தோஷம் அதில் எங்கேயாவது இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற ஒரு தாயின் முகம்தான் தெரிந்தது. அப்படியும் அவர் நம்பவில்லை.

திரும்பி வந்தபோது மேலதிகாரி அம்மா தாளை எழுதி வைத்திருந்தார். நாற்பத்தெட்டு, இதரர். வரிசையின் சார்பில் வயதில் மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். குடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியக்கா பூட்டுக்காரரைப் பார்க்கவே இல்லை.

பூட்டுக்காரர் தாளை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். எதிலாவது சூது இருக்கும் என்று இரண்டாம் தடவையும் படித்தார். எண் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"என்னங்க தேடறீங்க?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.